இருபத்துமூன்றாம் தாள்

லாத்தூர்,
23 ஜூன் 2024

வருங்கால டாக்டரும் நிகழ்கால நோஞ்சானுமான அக்காவுக்கு,

நான் சுகம். என் ரத்தத்தால் இங்குள்ள கொசுக்களும் சுகம். கராடியில் நீ, அம்மா, அப்பா மூவரும் எப்படி? டைபாய்டுக்குப் பிறகு உனக்கு முடி கொட்டுவது நின்றுவிட்டதா, இல்லை கொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லையா?

கோச்சிங் ஹாஸ்டலில் சேர்ந்து பதினெட்டு நாளாகிறது. போனைப் பிடுங்கி இரும்பு அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஞாயிறன்று ஆபீஸ் போனில் ஐந்து நிமிடம், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க. கடிதம் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் வார்டன் பிரித்துப் படித்த பிறகுதான் போகும். ஒரு பையன் இங்கே சாப்பாடு கச்ரா (குப்பை) என்று மராத்தியில் வீட்டுக்கு எழுதினான். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் அவனையே அதை வாசிக்க வைத்தார்கள். அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. வார்டன் நான் பாதி எழுதியிருந்த இந்தக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஹே காய் ஆஹே?" (என்ன இது?) என்றார். "தேவாச்சி ப்ரார்த்தனா, சார்" என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். எனவே நீயும் தமிழிலேயே எழுது.

உன் பிஎச்.டி. எந்த நிலையத்தில் நிற்கிறது? நுழைவுத் தேர்வு எழுதினாய். நேர்முகம் போனாய். ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்தாய். தலைப்பைக் கமிட்டி முன்னால் வைத்தாய், அவர்கள் அதன் தலையை வெட்டி வாலை ஒட்டினார்கள். அப்புறம் எதிக்ஸ் கமிட்டி. எதற்கும் ஒரு கமிட்டி! ஆறு மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை வேறு. அந்த மேடம் கைடு, நீ கைதி. நான் நீட் எழுதி டாக்டராவதற்குள் நீ ஆகிவிட்டால் ஒரு தட்டு மிசல் என் செலவு.

அம்மாவிடம் ஊறுகாய் அனுப்பச் சொல்.

உன் ஒரே தம்பி (இன்னொன்றைத் தாங்க மாட்டாய்),
கேஷவ்


கராடி, புனே,
5 ஜூலை 2024

அன்புள்ள கேஷவ்,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ இல்லாததால் வீட்டில் மிக்சர் தீருவதில்லை, அவர்தான் தீர்க்கிறார். ஊறுகாய் வருகிறது. கொசுவத்தியும் வைத்திருக்கிறேன்.

நான் நிற்கும் நிலையத்தைக் கேட்டாயே. செப்டம்பரில் முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு. ஐந்து வருட வேலையைத் துறை முழுவதற்கும் முன்னால் சொல்லி, அவர்கள் சரி என்றால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். பிறகு வெளியூர்த் தேர்வாளர்கள் இருவர் படிப்பார்கள், கடைசியாக வாய்மொழித் தேர்வு.

ஒரு நல்ல சேதி. படுத்த படுக்கையாக இருப்பவரை வருடக்கணக்காக வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நாற்பது பெண்களில், மேடத்தை உலுக்கியது எண் 23. ஏப்ரலில் நான் காய்ச்சலில் கிடந்தபோது நீ போய்க் கேட்டு எழுதி வந்தாயே ஆறு பேர், அதில் ஒருவர். கோர்படியில், ஒன்பது வருடமாக விழுந்து கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்பவர். ரேஷன் கடை என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டி, ஹடப்சரில் ரயில் ஏறி, தௌண்ட் வரை போய், ஒரு வடா-பாவ் தின்றுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவரும் பெண். "திரும்பிப் போகாம இருந்துடலாமான்னு பிளாட்பாரத்துல உக்காந்து யோசிச்சேன்" என்று அவர் அழுத இடத்தைப் படித்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

பதினாறு வயதில் உனக்கு இப்படிக் கேட்கத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. மற்ற ஐந்து பேருக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது, இவருக்கு மட்டும் காணோம். எங்கே? எந்த வார்த்தை சொல்லும்போது அழ ஆரம்பித்தார், எவ்வளவு நேரம், நினைவிருந்தால் எழுது.

பிரியமுடன்,
வைஜயந்தி அக்கா


லாத்தூர்,
28 ஜூலை 2024

பெருமைக்குரிய அக்காவின் பெருமைக்குரிய தம்பி எழுதுவது,

எனக்கு ஜலதோஷம். மூக்கு இருபத்துநாலு மணி நேர சர்வீஸ். அப்பா மிக்சரைத் தொட்டால் எனக்குத் தந்தி அடிக்கவும் (தந்தி என்றால் என்ன என்று அவரையே கேட்கவும்).

ஊறுகாய் வந்த அன்றே காலி. கொசுவத்திக்குக் கொசுக்கள் நன்றி சொல்லச் சொல்லின, அதைச் சுற்றித்தான் மாலையில் கூடிப் பேசுகின்றன. சென்ற வாரம் ஸ்டடி ஹால் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் நகர்த்திவிட்டேன். நூற்றுப்பத்துப் பேர் இருபது நிமிடம் முன்னதாகச் சாப்பிட்டோம். வார்டன் சாமி குத்தமென்று தேங்காய் உடைத்தார், அதையும் தின்றோம். பௌதிகத்தில் நூற்றெண்பதுக்கு முப்பத்தொன்பது. பௌதிகம் என் தேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒலிப்பதிவா? போனில் இடம் போதவில்லை. போனும் இப்போது அலமாரியில்.

அக்கா, 23 என்ன பெரிய 23? எண் 9 இல்லையா, ராணுவத்தில் இருந்தவரின் மனைவி, மாமியாருக்கும் கணவருக்கும் சேர்த்து இரண்டு கட்டில் பார்க்கிறாரே, அவரை முன்னால் வையேன். அவர் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார்.

தும்மலுடன்,
கேஷவ்


கராடி, புனே,
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கேஷவ்,

ஜலதோஷம் போயிற்றா? வெந்நீர் கிடைக்காவிட்டால் வார்டனிடம் கேள், கடிகாரத்தில் கை வைக்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி. மழை ஓயவில்லை, ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்து நின்று அப்பா நேற்று நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் அத்தியாயத்துக்குத் 'தௌண்ட் வண்டி' என்றே பெயர் வைத்துவிட்டேன். மேடம்தான் சொன்னார். ஆனால் முக்கியமான மூன்று பேரை நானே இன்னொரு முறை நேரில் பார்க்க வேண்டுமாம். எண் 4, எண் 9 முடிந்தது. 23-இன் தாளில் நீ 'கோர்படி, ரயில்வே கேட் அருகில்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்தச் சந்து, எத்தனையாவது வீடு? உடனே எழுது, செப்டம்பர் 10-ஆம் தேதி கருத்தரங்கு.

அக்கா


லாத்தூர்,
27 ஆகஸ்ட் 2024

அக்கா,

சுகம். அம்மா காலுக்கு எண்ணெய் தேய்க்க அப்பாவை நியமிக்கவும்.

பதில் தாமதம், மன்னிக்கவும், வாரத் தேர்வு. அந்த அம்மா சோலாப்பூரில் மகன் வீட்டுக்குப் போகப்போவதாக அன்றே சொன்னார். போயிருப்பார். வீட்டைத் தேடி அலையாதே, மழையில் உனக்குக் காய்ச்சல் திரும்பிவிடும். இருப்பதை வைத்து ஒப்பேற்று. ஒப்பேற்றாமல் யார் டாக்டர் ஆனார்கள்?

கேஷவ்


கராடி, புனே,
15 செப்டம்பர் 2024

கேஷவ்,

வீட்டில் எல்லோரும் சுகம்.

கருத்தரங்கு முடிந்தது. தௌண்ட் பகுதியை வாசித்தபோது அரங்கில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் ஒரு மராத்தி மாத இதழின் ஆசிரியர் வந்து, அந்தப் பகுதியை மட்டும் மொழிபெயர்த்துப் போடலாமா என்று கேட்டார். பெயரை மாற்றிவிடலாம், ஊரும் ரயிலும் இருக்கட்டும், அதில்தான் உயிர் இருக்கிறது என்றார். மேடத்துக்குச் சம்மதம்.

மறுநாள் கோர்படி போனேன். ரயில்வே கேட் பக்கத்துக் கிராணா கடையில், படுத்த படுக்கையாக இருக்கும் தமிழ்க்காரர் வீடு என்றதும் கை காட்டினார்கள். அந்த அம்மா சோலாப்பூர் எங்கும் போகவில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வந்து ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. 'பவுன்' என்ற கையெழுத்து அவர் போட்டதா?

வைஜயந்தி


லாத்தூர்,
22 செப்டம்பர் 2024

அக்கா,

இல்லை. நான் போட்டது. கோணலாக வரட்டும் என்று இடது கையால் போட்டேன். அப்போது சிரிப்பாக இருந்தது.

பவுனம்மாவை நான் பார்த்தது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. என்னை உள்ளே கூப்பிட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டு, "இப்ப உள்ள கேக்காது, கேளு தம்பி" என்றார். ஒரு மணி நேரம் பேசினார். பதிவு செய்ய வேண்டாம் என்றதால் போனை அணைத்துவிட்டேன். கடைசியில் படிவத்தை நீட்டினேன்.

"கையெழுத்தா? எதுக்கு?"

நீ சொல்லிக்கொடுத்தபடி முழுதும் வாசித்தேன். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரி வந்ததும், "அப்டியா? அப்ப நான் விலகிக்கிறேன். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு, சொல்லிட்டேன். எழுதிடாத, என்னா?" என்றார். நான் சரிங்க என்றேன்.

வெளியே வந்து கரும்புச்சாறு கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். நாற்பதுக்கு ஒரு ஆள் குறைகிறதென்று நீ காய்ச்சலில் புலம்பிக்கொண்டிருந்தாய். ஒரு கையெழுத்துதானே, யாருக்குத் தெரியப்போகிறது, தடித் தடியாக நூலகத்தில் தூங்கும் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

மாத இதழில் வர வேண்டாம், அக்கா. ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமைதோறும் வருவான் என்று அவர் சொன்னார். அவனுக்கு மராத்தி படிக்கத் தெரியும்.

கேஷவ்


லாத்தூர்,
13 அக்டோபர் 2024

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. மூன்று ஞாயிறும் போனில் அம்மா, "அவ வெளிய போயிருக்காடா" என்கிறாள். போன ஞாயிறு பின்னால் உன் இருமல் கேட்டது.

திட்டியாவது எழுது. மராத்தியில் எழுதினாலும் பரவாயில்லை. வார்டன் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்வார், வாசிக்கிறேன்.

கேஷவ்


கராடி, புனே,
20 அக்டோபர் 2024

கேஷவ்,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார். "நமக்கு மட்டும்" என்றேன். "அப்படியானால் அந்தப் பெண்ணிடம் போய் இப்போது ஒரு கையெழுத்து வாங்கிக்கொள், பழைய தேதி போட்டு" என்றார். மூன்று நாள் அந்த யோசனையோடுதான் இருந்தேன். உனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை, முக்கால்வாசி சம்மதித்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை. உன்னைத் திட்ட ஆரம்பித்தால் பேனா என் பக்கம் திரும்பியது.

உன்னை அனுப்பியதே முதல் தவறு. எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த தாளில் 'கள உதவியாளர் ஒருவர்' என்று மட்டும் எழுதினேன். பதினாறு வயது என்று எழுதவில்லை, என் தம்பி என்றும் எழுதவில்லை. இடது கையால் எழுதினால்தான் பொய் என்றில்லை.

நான்காம் நாள் கமிட்டிக்கே போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இதழாசிரியரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் ஆறு தாள்களும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து பேரை நான் புதிதாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு மாத நீட்டிப்பு கேட்டிருக்கிறேன், டிசம்பரோடு உதவித்தொகை நின்றுவிடும். 23-ஐப் பொறுத்தவரை, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் மனதார ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்தால் பட்டம் அவர் கையில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். கமிட்டியும் நான் உள்ளே போகக்கூடாது என்றது.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா. எழுத மாட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டவன் நீ, நீதான் வாசிக்க வேண்டும். கெஞ்சக் கூடாது. அவரைச் சிரிக்க வைக்கவும் கூடாது.

வைஜயந்தி


லாத்தூர்,
10 நவம்பர் 2024

அக்கா,

ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமலுக்கு டாக்டரைப் பார்.

அன்றைக்கு நீ சந்து முனையில் வண்டியோடு நின்றிருந்தாய். நான் வந்து, "வேணாம்னுட்டாங்க" என்றேன். நீ வண்டியைக் கிளப்பினாய். வீடு வரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சொல்கிறேன்.

பவுனம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வா தம்பி, மீசை வெச்சுட்டியா?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டு, "படி" என்றார். படித்தேன், நாலு பக்கம். தௌண்ட் பிளாட்பாரத்தைப் பற்றிச் சொல்லி அழுத இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எங்கடா அழுதேன்?"

நான் அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

"சிரிச்சிக்கிட்டேதான சொன்னேன். அந்தப் பிளாட்பாரத்துல ஒரு கொரங்கு என் வடா-பாவைப் புடுங்கிட்டுப் போச்சுன்னு சொன்னேன்ல, அது எங்க?"

அதை நான் எழுதவில்லை, அக்கா. குரங்கு இருந்தால் ஆய்வு மாதிரி இருக்காது என்று நானே எடுத்துவிட்டேன். அழுததை நானே சேர்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினாரே, அது எனக்காக. இதை உன்னிடம் அந்தக் கடிதத்திலும் நான் சொல்லவில்லை.

பேரும் ஊரும் மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சவில்லை, சொன்னேன். அவர் உள் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும்ல. நான் எத்தினி மணிக்கி எந்திரிக்கிறேன், எப்ப குளிக்கிறேன், எல்லாம் அவருக்குத் தெரியும். கட்டில்ல இருந்தே சத்தத்த வச்சு சொல்லிடுவாரு. அந்த வண்டி ஒண்ணுதான் தெரியாது. அதையும் நீ எளுதிட்டியின்னா, அடுத்த வாட்டி ஏறும்போது கூட நாலு பேரு ஏறுன மாதிரி இருக்கும்."

அப்புறம், "உங்க அக்காவுக்குப் பரிட்சை போயிடுமா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம், போய்விடும் என்று. "போகாதுங்க, லேட்டாகும்" என்றேன்.

"ஆகட்டும்" என்றார்.

தாள்களை வாங்கி, நாலாகக் கிழித்து, ஈரக் குப்பை வாளியில் கீரைத் தண்டோடு போட்டுக் கையால் அமுக்கினார். சுக்கா கச்ராவில் (உலர் குப்பையில்) போட்டால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களாம். எனக்கு டீ கொடுக்கவில்லை. கதவு வரை வந்தார். "இனிமே வராத தம்பி" என்றார், கோபமாக இல்லை.

என்மேல் கோபம் போய்விட்டதா?

கேஷவ்


கராடி, புனே,
16 பிப்ரவரி 2025

கேஷவ்,

எல்லோரும் சுகம். என் இருமல் போய்விட்டது. அப்பா மிக்சரை விட்டுவிட்டு முறுக்குக்கு மாறியிருக்கிறார்.

உன் கடிதத்தை இத்தனை நாள் வைத்திருந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஐந்து பேரையும் மறுபடி பார்த்துவிட்டேன். மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவரின் மாமியார் ஜனவரியில் இறந்துவிட்டார், பேச மனமில்லை என்றார். இன்னொருவர் வீடு மாறிவிட்டார், இது நிஜமாகவே. அவர்களுக்குப் பதிலாக, அதே எண்களில், இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன், ஆக முப்பத்தொன்பது. கமிட்டி போதும் என்றது. நான்காம் அத்தியாயத்துக்கு இப்போது தலைப்பு 'பராமரிப்பாளர்களின் நேரப் பயன்பாடு'. மேடம் படித்துவிட்டு, "உப்பில்லை" என்றார். உண்மைதான். காலையில் கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனிக்காரரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டாய். சில நாள் போகிறது.

பௌதிகம் எவ்வளவு?

அக்கா


கராடி, புனே,
14 டிசம்பர் 2025

அன்புள்ள கேஷவ்,

அம்மா கால் பரவாயில்லை. உனக்கு மே மாதம் பரீட்சை, தூங்காமல் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நேற்று வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஞாயிறு போனில் அம்மா உன்னிடம் முடிவைச் சொல்லிவிடுவாள், சந்தோஷத்தில் அழுதுகொண்டேதான் சொல்வாள். அவள் சொல்ல முடியாததை நான் எழுதுகிறேன்.

பின்வரிசையில் அப்பா புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நாக்பூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். நான்காம் அத்தியாயம் பலவீனம் என்றார். ஒப்புக்கொண்டேன். பிறகு பிற்சேர்க்கையில் இருந்த பட்டியலைத் திறந்து, விரலால் வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தார்.

"இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்துநான்கு வருகிறது. அச்சுப் பிழையா?"

எண்களை மாற்றி நெருக்கிவிடு என்று மேடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை.

"பிழையில்லை, சார். ஒருவர் பேசினார், பிறகு வேண்டாம் என்றார்."

"என்ன பேசினார்?"

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு அது முழுதும் மனப்பாடம், கேஷவ், குரங்கு உட்பட. நான் சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றேன்.

தேர்வாளர் பட்டியலிலிருந்து விரலை எடுத்தார். பிறகு அந்த இடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

உன்
வைஜயந்தி அக்கா